சாலமோன் வாத்தியார் கட்டிய எரிகோ

முக்கூடலுக்குக் கிழக்கே இரண்டேகால் மைலில் அடைக்கலப்பேரி இருக்கிறது. 1911-ல் அங்கே வீடுகள் எழுபத்திரண்டு. அவற்றில் ஐம்பத்தெட்டு எங்கள் சபையைச் சேர்ந்தவை. மிஷன் பள்ளியில் வாத்தியார்கள் இரண்டு பேர். ஒருவர் சாலமோன், மற்றவன் அருமைநாயகமாகிய நான். அவருக்கு வயது நாற்பத்திரண்டு, எனக்கு இருபத்து மூன்று. ஆனாலும் தலைமை வாத்தியார் நான்தான். அவர் வாத்தியார்களுக்கான மேல்தரப் பரீட்சையில் இரண்டு தடவை தவறியவர், நான் முதல் தடவையே தேறியவன். இதை அவர் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. கோபம் வந்தால் மட்டும், நான் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டதற்கு "என்ன ஹெட்மாஸ்டர்?" என்று பதில் வரும். நான் சொல்லப்போகும் ஏழு மாதத்தில் அந்தப் பதில்தான் எனக்கு அதிகம் கிடைத்தது.

அவர் பருத்த மனிதர். சிறு வயதிலிருந்தே மூச்சிழுப்பு நோய். பத்தடி வேகமாக நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பரீட்சையில் தவறியதால் அவருக்குக் கிடைத்தது சிசு வகுப்பு, அதாவது நாலு முதல் ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகள். அந்த வகுப்பைப் பதினொரு வருஷமாக அவர் நடத்தினார். பதவி சின்னது என்ற வருத்தம் இருந்தாலும், அந்த வகுப்பின் அமைதியில் அவருக்குப் பெருமை இருந்தது. முப்பத்தொரு பிள்ளைகளும் வரிசையாக, கை கட்டி, காலையிலிருந்து மாலைவரை அசையாமல் உட்கார்ந்திருக்கும். மணலில் எழுதும் விரல்கள் மட்டும் நகரும். மிஷன் பள்ளிகளுக்குப் பொறுப்பான குருவானவர் வரும்போதெல்லாம் இதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போவார்.

1911 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, பள்ளிகளைப் பார்வையிடும் உதவி இன்ஸ்பெக்டர் லக்ஷ்மிநாராயணன் வந்தார். கல்லிடைக்குறிச்சிக்காரர், நல்ல மனிதர், அவசரக்காரர். சிசு வகுப்பின் வாசலில் ஐந்து நிமிஷம் நின்றார். பிறகு பார்வைப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் எழுதினார். அதன் தமிழ் இது: "சிசு வகுப்புப் பிள்ளைகள் நாள் முழுவதும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓடியாடும் விளையாட்டு ஒன்றும் இல்லை. அடுத்த பார்வைக்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் இந்த வகுப்புக்கு அங்கீகாரம் நீக்கப்படும்."

அங்கீகாரம் போனால் என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மூன்று மைல் தள்ளி இருந்த ஒரு பள்ளியில் 1908-ல் சிசு வகுப்பை மூடினார்கள். அப்போது அதில் இருபத்திரண்டு பிள்ளைகள். ஆறு வயதானதும் முதல் வகுப்புக்கு வந்து சேர்ந்தவை மூன்றே மூன்று. மற்றவை ஆட்டுக்குப் பின்னாலும் அம்மாவோடு வயலுக்கும் போய்விட்டன. ஒருமுறை போன பிள்ளை திரும்பி வராது.

"அசையாம இருக்கதுதானே வே படிப்பு?" என்றார் சாலமோன். "பதினொரு வருசம் பாடுபட்டு உக்கார வச்சிருக்கேன். இப்ப ஓடவிடச் சொல்லுதான்."

"ஏதாவது விளையாட்டு ஒன்று வைக்கலாம் அண்ணாச்சி."

"யாரு விளையாட? நானா? நாலாம் எட்டுல எனக்கு மூச்சு நின்னுரும், ஹெட்மாஸ்டர். பொறவு நீரே ரெண்டு வகுப்பையும் நடத்தும்."

தெருவில் ஆடும் ஆட்டத்தையே பள்ளியிலும் ஆடவிட்டால் பெற்றோர் ஏற்கமாட்டார்கள். அதை ஆட எதற்குப் பள்ளிக்கூடம் என்று கேட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போய்விடுவார்கள். விளையாட்டில் வேதபாடமோ எண்ணோ இருக்கவேண்டும் என்று குருவானவரும் சொல்லியனுப்பினார். சாலமோன் ஏப்ரல் முழுவதும் யோசித்தார். மே விடுமுறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது, வழியில் என்னை நிறுத்தி, "எரிகோ" என்றார்.

எரிகோக் கோட்டையை இஸ்ரவேல் ஜனங்கள் ஏழாம் நாளில் ஏழு தரம் சுற்றிவந்து, ஆரவாரம் செய்தபோது மதில் விழுந்தது என்பது வேதக் கதை. இதில் எல்லாம் இருக்கிறது என்றார் அவர். வேதபாடம் உண்டு, ஏழு வரை எண்ணலாம், ஓட்டமும் உண்டு. வாத்தியார் நடுவில் நின்றால் போதும். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

மதிலை எதனால் கட்டுவது என்பதில் தொந்தரவு தொடங்கியது. முதலில் பனையோலைக் கொட்டான்களை எடுத்தார். கொட்டான் என்பது கருப்பட்டியும் பயறும் போட்டு வைக்கும் சின்ன ஓலைப்பெட்டி. அவரும் அவர் மனைவி தேவமணி அம்மாளும் உட்கார்ந்து முப்பத்தாறு கொட்டான் முடைந்தார்கள். மதிலை எறிந்து வீழ்த்த, அம்மாள் பழைய சேலையைச் சுருட்டி இரண்டு துணிப்பந்து தைத்தார். ஜூன் 12, திங்கட்கிழமை, முற்றத்தில் பன்னிரண்டு அடி வட்டம் கீறி, நடுவில் கொட்டான்களைக் கவிழ்த்து, மூன்று வரிசை மதில் எழுப்பினார். பிள்ளைகள் இரண்டாம் சுற்று வருவதற்குள் மேல்காற்று ஒன்று வந்தது. மதில் முழுவதும் எழுந்து வேலியைத் தாண்டிப் பறந்தது. பிள்ளைகள் சுற்றுவதை விட்டுவிட்டு அதன் பின்னால் ஓடின. அன்று வந்திருந்த பத்தொன்பது பிள்ளைகளும் திரும்பிவர முக்கால் மணி நேரம் ஆயிற்று. கொட்டான் முப்பத்தொன்று கிடைத்தது.

"ஓடத்தானே சொன்னான் இன்ஸ்பெக்டர். ஓடிட்டுல்லா" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

அடுத்தது தேங்காய்ச் சிரட்டை. முக்கூடலில் தேங்காய் ஆட்டும் செக்கிலிருந்து நாற்பது சிரட்டை வந்தது. காற்றுக்கு அசையவில்லை. ஆனால் பெண்பிள்ளைகள் அவற்றில் சோறாக்கி விளையாட வீட்டுக்குக் கொண்டுபோயின. திங்களன்று நாற்பது, புதனன்று முப்பத்து மூன்று, வெள்ளியன்று பத்தொன்பது. அவர் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சிரட்டை கேட்டு நின்றார். பருத்த மனிதர் ஒருவர் வாசலில் நின்று "எரிகோ மதிலைக் கொடுங்க" என்று கேட்டால் யாருக்குப் புரியும்? ஒரு அம்மாள் பரிதாபப்பட்டுக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்ததாக அவரே எரிச்சலோடு சொன்னார்.

கடைசியில் மறுபடியும் கொட்டானுக்கே வந்தார். ஒவ்வொன்றின் வாயோரத்திலும் குளத்துக் களிமண்ணை ஒரு விரல் கனத்துக்கு அப்பிக் காயவைத்தார். கவிழ்த்து வைத்தால் காற்றுக்கு நிற்கும், பந்து பட்டால் சாயும், காலில் விழுந்தாலும் வலிக்காது. இந்த அளவைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒன்பது நாள் பிடித்தது.

மதில் நின்றது, பிள்ளைகள் நிற்கவில்லை. கதையைச் சொன்னதும் லில்லி என்ற ஐந்து வயதுப் பெண் கேட்டாள்.

"உள்ள இருக்கவங்கல்லாம் என்னாவாங்க?"

"செத்துப் போவாங்க."

"பிள்ளைகளும்மா?"

சாலமோன் பந்தை எடுத்து அவள் கையில் கொடுக்கப் போனார். அதற்குள் நாலைந்து பிள்ளைகள் அழத் தொடங்கின. பந்தை எறியமாட்டோம் என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டன. அவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

"உள்ள யாரும் இல்ல, ஏட்டி" என்றார் கடைசியில். "எல்லாரும் முக்கூடல் சந்தைக்குப் போயிட்டாங்க."

"வெறும் ஊரா?"

"வெறும் ஊரு. எறி."

அது சரியானது. சுற்றை எண்ணுவது சரியாகவில்லை. ஆளுக்கு ஏழு புளியங்கொட்டை கொடுத்து, சுற்றுக்கு ஒன்று பானையில் போடச் சொன்னார். முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெறுங்கையோடு ஓடின. பிறகு அவரே நடுவில் நின்று விரலை உயர்த்திக் காட்டினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு" என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் ஓடின. நாலை அவை ஜூலை வரை கண்டுகொள்ளவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தொந்தரவு ஆரவாரம்தான். ஏழாம் சுற்று முடிந்ததும் "சத்தம் போடுங்க!" என்பார். ஒரு பிள்ளையும் வாய் திறக்காது. பதினொரு வருஷமாக அந்த முற்றத்தில் சத்தம் போட்ட பிள்ளைக்குக் காதைத் திருகியவர் அவர். அண்ணன் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பிள்ளைகள் பள்ளிக்கே வரும். "போடுங்கலே! பலமா!" என்று அவரே ஒருமுறை சத்தம் போட்டுக் காட்டினார். அவருக்கு இருமல் வந்து கண் பிதுங்கவே, நான் தண்ணீர் கொண்டு ஓடினேன். பிள்ளைகள் அமைதியாக, வரிசை கலையாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

ஜூலை 11, செவ்வாய்க்கிழமை. கார் போகத்து நெல் நடவு நடந்துகொண்டிருந்த காலம். லில்லி முந்தின நாள் பள்ளிக்கு வராமல் அம்மாவோடு வயலுக்குப் போயிருந்தாள். ஏழாம் சுற்று முடிந்ததும் சாலமோன் வழக்கம்போல், நம்பிக்கையில்லாமல், "சத்தம் போடுங்க" என்றார். லில்லி நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். நடவு முடிந்ததும் வயலில் பெண்கள் ஒன்றுசேர்ந்து போடும் அதே குலவை. உடனே இருபது பிள்ளைகளும் சேர்ந்து போட்டன. பந்து பறந்தது, மதில் சாய்ந்தது, கீழே விழுந்த கொட்டான்களின் மேல் பிள்ளைகளும் விழுந்தன.

சாலமோன் நடுவில் நின்று காதைப் பொத்திக்கொண்டார். "பாத்தீரா, ஹெட்மாஸ்டர்!" என்று கத்தினார். அன்று ஒருநாள்தான் அந்தச் சொல்லை அவர் சந்தோஷமாகச் சொன்னது.

ஜூன் மாதம் சிசு வகுப்பின் சராசரி ஹாஜர் பத்தொன்பது. ஜூலைக் கடைசி வாரம் இருபத்தேழு. மணியடிக்கும் முன்பே வந்து கொட்டான் அடுக்கின.

ஆகஸ்டு 8, செவ்வாய்க்கிழமை, பக்கத்து ஊரில் அம்மன் கொடை, பெண்கள் குலவையிடும் கோயில் திருவிழா, நடந்தது. எங்கள் சபையில் இரண்டு குடும்பங்கள் அதை வேடிக்கை பார்க்கப் போய்விட்டன. மறுநாள் காலை ஞானசிகாமணி உபதேசியார், சபைக் காரியங்களைக் கவனிப்பவர், அந்தக் கோபத்தோடு பள்ளிப் பக்கம் வந்தார். வேலிக்கு அப்பால் அவர் கண்டது இது: நடுவில் களிமண் பூசிய ஒரு குவியல், அதன் பக்கத்தில் பெரிய வயிற்றோடு அசையாமல் ஒருவர், சுற்றிச் சுற்றி வரும் சபைப் பிள்ளைகள், கடைசியில் குலவை.

"என்னவே சாலமோன் இது? நேத்து அங்கன நடந்தது பத்தாதுன்னு இன்னைக்கு இங்கன கொடையா?"

"எரிகோ, உபதேசியாரே. வேதபாடம்."

"வேதபாடத்துல குலவை எங்கன வந்துது? கோயில்ல சுத்துத மாதிரி வலஞ்சுத்தில்லா வருதுக!"

"பின்ன எப்படிச் சுத்தச் சொல்லுதீரு? இடஞ்சுத்தி வந்தா இழவு வீடுன்னு சொல்லுவீரு."

"கேலி பண்ணாதீரும். நடுவுல நீரு வேற சாமி கணக்கா நிக்கீரு."

"உக்காந்தா எந்திரிக்க முடியாது வே, அதான் நிக்கேன். நடவுல உம்ம வீட்டம்மா குலவை போடலையா? போன மாசம் நானே கேட்டேன்."

உபதேசியார் முகம் சிவந்தது. இந்தப் பேச்சைச் சாலமோன் பேசாமல் விட்டிருக்கலாம். அடுத்து லில்லி முன்னால் வந்து, உதவி செய்வதாக நினைத்து, "உள்ள யாரும் இல்ல தாத்தா. எல்லாரும் சந்தைக்குப் போயிட்டாங்க" என்றாள். வேதக் கதையையே மாற்றிச் சொல்லிக்கொடுத்தார் என்பது இரண்டாவது குற்றமாகச் சேர்ந்தது.

ஆகஸ்டு 21-ல் குருவானவரின் கடிதம் வந்தது. விளையாட்டை நடத்தலாம், ஆனால் சுற்றி வரக்கூடாது, நேர்வரிசையில் போகவேண்டும். குலவை கூடாது, அதற்குப் பதில் "அல்லேலூயா" சொல்லவேண்டும்.

சாலமோன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "சுத்தாம எரிகோ எப்படி வே விழும்?" என்றார். ஆனாலும் கீழ்ப்படிந்தார். பிள்ளைகள் நேர்வரிசையில் நடந்து வந்தன. "அல்லேலூயா சொல்லுங்க" என்றதும் ஆராதனையில் பழக்கியபடி நின்று, கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டு, மெல்லச் சொல்லின. பிறகு கண்ணை மூடியபடியே பந்தை எறிந்தன. நான்கு வாரத்தில் பந்து மதிலில் பட்டது ஆறு தடவை. சாலமோன் மேல் பட்டது அதைவிட அதிகம். "கண்ணைத் தொறந்து சொல்லு" என்றால், கண்ணைத் திறந்து ஜெபித்தால் பாவம் என்று அவர்தானே சொல்லிக்கொடுத்தார் என்று கேட்டன. ஹாஜர் இருபத்தொன்றுக்கு இறங்கியது.

செப்டம்பர் 19, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்கு இன்ஸ்பெக்டரின் வில்வண்டி வந்தது. உபதேசியாரும் வந்து வேலியோரம் நின்றார். பிள்ளைகள் முற்றத்துக்கு வந்தன. வரிசையாக நடந்தன, நின்றன, கைகூப்பின, கண்ணை மூடின.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன ஓய் இது? பிரார்த்தனை முடிஞ்சு விளையாட்டு எப்போ ஆரம்பம்?"

"இதுதானுங்க விளையாட்டு" என்றார் சாலமோன்.

"நான் ஓடியாடறதைன்னா கேட்டேன்? போன தடவை உட்கார்ந்திருந்ததுகள், இப்போ நிக்கறதுகள். ஆறு மாசத்திலே இவ்வளவுதானா?" என்னிடம் பார்வைப் புத்தகத்தைக் கேட்டார். நான் கொடுத்தேன். பேனாவைத் திறந்தார்.

சாலமோன் வேலிப்பக்கம் பார்த்தார். உபதேசியார் அங்கேயே நின்றார். சாலமோனின் மூச்சு சத்தமாகக் கேட்டது. அந்தப் புத்தகத்தில் அடுத்த வரி என்னவாக இருக்கும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். சாலமோன் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வட்டத்தின் நடுவுக்குப் போனார்.

"ஏட்டி லில்லி," என்றார். "பழையபடி."

அவள் நம்பவில்லை. "சுத்தவா?"

"சுத்து. எல்லாரும் சுத்துங்கலே!"

பிள்ளைகள் ஓடின. அவர் விரலை உயர்த்தினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலும் வந்தது. ஆறாம் சுற்றில் ஒரு பிள்ளை விழுந்து எழுந்து ஓடியது. ஏழாம் சுற்று முடிந்ததும் எழுந்த குலவையைக் கேட்டு வண்டிமாடு இரண்டும் கயிற்றை இழுத்தன. மதில் ஒரே பந்தில் சரிந்தது. இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே காலால் தரையைத் தட்டினார். எழுதினார், கையெழுத்திட்டார், பக்கத்து ஊருக்கு நேரமாயிற்று என்று வண்டியில் ஏறினார்.

நான் படித்தேன். "சிசு வகுப்பில் நல்ல முன்னேற்றம். பிள்ளைகள் கோயிலை ஐந்து முறை பிரதட்சிணம் செய்து குலவையிடும் விளையாட்டு, வாத்தியார் சொந்தமாக உண்டாக்கியது, மிகவும் சுறுசுறுப்பானது. அங்கீகாரம் தொடரலாம்."

சாலமோன் என் தோளுக்கு மேலாகப் பார்த்து, "என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார். தமிழில் சொன்னேன். அவர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

"கோயிலா? கோயில்னா எழுதியிருக்கான்?"

நான் தடுப்பதற்குள் வண்டியின் பின்னால் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். நாற்பது அடி ஓடி வண்டியின் பின்கட்டையைப் பிடித்துவிட்டார். பேச மூச்சு வரவில்லை. "ஐயா... எரிகோ... ஏழு..." என்றார்.

"எரிகோவா? அது எந்தத் தாலுகா ஓய்? உம்ம ஊரா?" என்றார் இன்ஸ்பெக்டர் உள்ளிருந்து. "வகுப்புக்குப் பயமில்லை, போய் உட்காரும்." வண்டி போய்விட்டது.

திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "நீர் அடிச்சுத் திருத்தும். எரிகோன்னு போடும், ஏழுன்னு போடும்."

இன்ஸ்பெக்டர் எழுதியதில் வேறு யாரும் கை வைக்கக்கூடாது. வைத்தால் புத்தகமே செல்லாது, அங்கீகாரமும் செல்லாது. இதை நான் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் பதினொரு நாள் என்னோடு பேசவில்லை.

அந்தப் பக்கத்தை உபதேசியார் நகல் எடுத்துக் குருவானவருக்கு அனுப்பினார். மிஷன் பள்ளியில் கோயில் பிரதட்சிணம் என்று சர்க்கார் அதிகாரியே எழுதியிருக்கும்போது, என் விளக்கக் கடிதம் ஒன்றுக்கும் உதவவில்லை. வகுப்பு இருக்கும், சாலமோன் அதில் இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. அவரை நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே சிசு வகுப்பு இல்லை. 1924-ல் ஓய்வுபெறும்வரை அவர் அங்கே மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார்.

அக்டோபர் 16, திங்கட்கிழமை, அவர் புறப்பட்டார். புதிய வாத்தியார் முற்றத்தில் பிள்ளைகளை நிறுத்திக் கைகளைத் தூக்கவும் இறக்கவும் பழக்கிக்கொண்டிருந்தார். தேவமணி அம்மாள் சட்டி பானைகளோடு வண்டியில் ஏறிவிட்டார். வண்டி தாமதமாக வந்ததற்காக வண்டிக்காரனை ஏசிக்கொண்டே சாலமோன் ஏறினார். நான் அருகே போய் நின்றேன்.

"இன்னைக்கு ஹாஜர் எத்தனை?" என்று கேட்டார்.

"இருபத்தெட்டு, அண்ணாச்சி."

"வராத மூணும் யாரு?"

சொன்னேன். மூன்றாவது பெயர் லில்லி.

"பிசானப் போகம் நடவு தொடங்கிட்டு. அவ அம்மை வயலுக்கு இழுத்துட்டுப் போயிருப்பா" என்று வண்டியின் பக்கக் கம்பைத் தட்டினார். "இங்கன நின்னு என் முகத்தை என்ன வே பாக்கீரு, ஹெட்மாஸ்டர்? போய் அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வாரும்!"

நான் வயலை நோக்கி நடந்தேன்.